தேர் ஓடும் தெருவில் வேகத்தடையை எங்கே போடுவது?

திருநெல்வேலி டவுனில் வண்டிகளின் வேகத்தைக் குறைக்க யார் என்ன யோசனை சொன்னாலும், முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனி மாதம் தேர் எப்படிப் போகும்? நெல்லையப்பர் தேர் தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று. அம்பாள், பிள்ளையார், முருகன், சண்டிகேசுவரர் தேர்களோடு சேர்ந்து அது நான்கு ரத வீதிகளையும் சுற்றி வரும். இழுப்பது ஆட்கள்தான். திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்துக்கு அடியில் சறுக்குக்கட்டை கொடுப்பவர்களின் கைப்பழக்கத்தில் நடக்கும். அவ்வளவு பாரம் உருண்டு போகிற பாதையின் நடுவில் கான்கிரீட் திட்டு கட்ட முடியாது. வேகத்தடை போட்டிருந்தால் திருவிழாவுக்கு முன்னால் பெயர்த்துத்தான் ஆக வேண்டும். பெயர்த்ததைத் திரும்பப் போடுவார்களா என்பது வேறு கதை.

அதனால் வெளியூர்த் திட்ட அறிக்கையில் வரும் படத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் நிற்காது. ஆனால் தேரை ஒரு இடைஞ்சலாக மட்டும் நினைப்பதும் சரியல்ல. டவுனில் தேர் ஓடுகிற தெரு, தேர் ஓடாத தெரு என்று இரண்டு வகை உண்டு. இரண்டின் அகலம் வேறு, வேலை வேறு, ஆபத்தும் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே ஏற்பாட்டைச் செய்துகொண்டிருப்பதுதான் இப்போதைய சிக்கல். தேரை முன்வைத்து யோசித்தால் எங்கே எதைச் செய்யலாம் என்பது தானாகவே பிரிந்துவிடுகிறது.

பழைய தெருக்கள் வேகத்தை எப்படிக் கட்டுப்படுத்தின என்பதை முதலில் பார்ப்போம். கோயிலை ஒட்டிய மாட வீதிகள், அகலமான ரத வீதிகள், இவற்றிலிருந்து கிளம்பும் குறுகிய தெருக்கள், அதிலிருந்து பிரியும் சந்துகள். வாகையடி முக்கு, சந்திப்பிள்ளையார் முக்கு, லாலா சத்திர முக்கு என்று இந்த ஊரில் வழி சொல்வதே முக்கை, அதாவது தெருமுனையை, வைத்துத்தான். முக்கில் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. தெரியாததால் மாட்டுவண்டிக்காரர் குரல் கொடுத்துவிட்டு மெதுவாகத் திருப்புவார். முனை வீட்டுக்காரர்கள் சுவரை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டு வைப்பார்கள். வண்டியின் அச்சு சுவரில் உரசாமல் இருப்பதற்காக. சில முக்குகளில் அந்தக் கல் இன்றும் இருக்கிறது, இரும்பு தேய்த்த தழும்போடு. வீட்டைக் காப்பாற்ற வைத்த கல்தான். ஆனால் அது திருப்பத்தைக் குறுக்கி வைத்தது. குறுகிய திருப்பத்தில் யாராலும் வேகமாகத் திரும்ப முடியாது.

அப்புறம் திண்ணை. தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில் அது ஒரு இடைவெளி. இரண்டு மூன்று படி ஏறினால் திண்ணை, அதைத் தாண்டினால் நடை. வண்டி வந்தால் நடந்து போகிறவர் படியில் ஏறி நின்றுகொள்ளலாம். திண்ணையில் எந்நேரமும் ஒரு ஆச்சி உட்கார்ந்திருப்பாள். ஓட்டுகிறவருக்குத் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு இருக்கும். இது பழம்பெருமை பேசுகிற பேச்சு இல்லை, அளந்து பார்க்கப்பட்ட விஷயம். 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் டொனால்டு ஆப்பிள்யார்டு என்ற நகரமைப்பு ஆய்வாளர், ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டு குடியிருப்பவர்களைப் பேட்டி கண்டார். ஒரு நாளைக்குச் சுமார் 2,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்கள் இருந்தார்கள். சுமார் 16,000 வண்டிகள் போகும் தெருவில் அது 0.9 ஆகியிருந்தது. எதிர்வரிசை வீடு தூரமாகிவிட்டது என்பதுதான் அந்தக் கணக்கின் அர்த்தம். டவுன்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எதிர்வீட்டுக்குக் கிண்ணத்தில் குழம்பு கொண்டு போவதற்கு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஓட வேண்டியிருக்கிறது என்று இங்கே பலரும் சொல்லக் கேட்கலாம்.

இதெல்லாம் ஒரே நாளில் போகவில்லை. தார்தான் முதல் காரணம். ஒவ்வொரு தடவையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, படி ஏறிப் போன வீடுகளுக்குள் இப்போது படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் நடைக்குள் வருகிறது என்று திண்ணையை இடித்துச் சுவர் எழுப்பினார்கள். படி போனது, ஒதுங்கும் இடமும் போனது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். எல்லோரும் இதை வீட்டுக்குள் தண்ணீர் வரும் பிரச்சினையாகவே பார்த்தார்கள். நடப்பவரின் பாதுகாப்புக்கும் அதில் பங்கு உண்டு. தெருவின் மட்டம் ஏற ஏற ஓரம் சரிவாகிறது. சரிவில் நடக்க முடியாமல் ஆட்கள் நடுத்தெருவுக்கு வருகிறார்கள்.

இரண்டாவது காரணம் வாறுகால். சந்துகளின் இரண்டு பக்கமும் ஓடும் சாக்கடைக்கு மேல் சில இடங்களில் பலகைக்கல் இருக்கும், சில இடங்களில் இருக்காது, சில இடங்களில் இருந்தும் ஆடும். ஒரு பக்கத்து வாறுகாலை மட்டமாக, ஆடாமல் மூடினாலே நடப்பவருக்கு இரண்டு அடிக்கு மேல் இடம் கிடைத்துவிடும். பெரிய திட்டமெல்லாம் தேவைப்படாத வேலை இது. அதனாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை என்று நினைக்கிறேன்.

மூன்றாவது காரணம் முக்கை வெட்டியது. லாரி திரும்ப வேண்டும், பஸ் திரும்ப வேண்டும் என்று முனைகளை வளைவாக்கினால் வண்டிகள் வேகத்தைக் குறைக்காமலே திரும்பும். விபத்து நடந்த முக்கை இன்னும் அகலமாக்க வேண்டும் என்று மனு கொடுப்பது நம் ஊர் வழக்கம். பெரும்பாலும் அது எதிர்மாறான பலனைத்தான் தரும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு முன்னால் ஒரு குழந்தை ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் சுதாரித்து பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகும். அதற்குள் வண்டி 8 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போய்விடும். காய்ந்த நல்ல சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர். மொத்தம் 13 மீட்டர் சொச்சம். அதே கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அந்த ஒரு விநாடியிலேயே 14 மீட்டர் தாண்டிவிடும். முப்பதில் வந்தவர் நின்றுவிட்ட இடத்தில், ஐம்பதில் வந்தவர் இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்க மாட்டார். முழு வேகத்தில் போய் இடிப்பார். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதனால்தான். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு, நடப்பவரும் வண்டியும் கலந்து போகிற இடங்களில் 30-க்கு மேல் கூடாது என்று பிரகடனம் செய்ததற்கும் அடிப்படை இந்தக் கணக்குதான்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி நகர எல்லைக்குள் காருக்கு உச்ச வேகம் 70, இருசக்கர வண்டிக்கு 60, ஆட்டோவுக்கு 50. இதைக் கையில் வைத்துக்கொண்டு மேல மாட வீதியைக் கற்பனை செய்து பாருங்கள். உள்ளூர் நிலைமைக்கு ஏற்ப இதைக் குறைத்துக்கொள்ளும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவில் இருக்கிறது. 2023-இல் சென்னையில் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 என்று நிர்ணயித்தார்கள். சரி, டவுனிலும் 30 என்று பலகை வைத்துவிடலாம். பலகையை யார் பார்ப்பார்கள்? தெரு அகலமாக, நேராக, வழுவழுப்பாக இருந்தால் கை தானாக ஆக்சிலேட்டரை முறுக்கும். தெருவின் வடிவம் ஒன்று சொல்லி, பலகை வேறொன்று சொன்னால், ஜெயிப்பது வடிவம்தான். போலீஸ்காரர் நிற்கும் வரை பலகைக்கு மதிப்பு. அவர் டீ குடிக்கப் போனால் அதுவும் போச்சு.

ஆபத்து யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்கின்படி 2022-இல் நாடு முழுக்கச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். இருசக்கர வண்டிகளில் போனவர்கள் 74,897 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. பெரும்பாலான மரணங்கள் நெடுஞ்சாலைகளில்தான் நடக்கின்றன, உள்தெருக்களில் அல்ல. டவுன் தெருவில் நடப்பது வேறு வகை: ஹேண்டில்பார் இடித்து விழும் முதியவர், இடுப்பெலும்பு முறிவு, ஆறு மாதப் படுக்கை. புறநோயாளிச் சீட்டோடு முடியும் காயங்களில் பல போலீஸ் பதிவுக்கே வருவதில்லை. பயந்துபோய் வெளியே வருவதையே நிறுத்திக்கொண்ட ஆச்சியைக் கணக்கெடுக்க எந்த அட்டவணையிலும் கட்டம் கிடையாது.

இனி வேகத்தடை. மக்கள் முதலில் கேட்பது இதைத்தான், அதிகாரிகளுக்குக் கொடுக்கச் சுலபமானதும் இதுதான். சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் பழைய வழிகாட்டி இதற்கு ஒரு வடிவம் சொல்கிறது. அகலம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 சென்டிமீட்டர். மேல்பரப்பு 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு போல மெல்ல எழும்பி மெல்ல இறங்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் வசதியாகக் கடக்கலாம், அதற்கு மேல் போனால் தூக்கிப்போடும். 1970-களில் இங்கிலாந்தில் சோதித்துக் கண்டுபிடித்த அளவு அது. 3.7 மீட்டர் என்பது ஒரு சாதாரணக் காரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைவிட அதிகம். அதனால் வண்டி முழுசாக மேட்டில் ஏறி இறங்கும். ஓட்டுநரின் உடம்புக்கு அது தெரியும்.

நம் தெருக்களில் இருப்பது என்ன? பெரும்பாலும் ஒரு அடி, ஒன்றரை அடி அகலத்தில் சிமெண்டைக் குவித்து வைத்த வரம்பு. விபத்து நடந்த மறுநாள் தெருக்காரர்களே இரவோடு இரவாகப் போட்டதும் உண்டு, ஒப்பந்தக்காரர் கையளவில் போட்டதும் உண்டு. இப்படிக் குறுகலான மேடு, மெதுவாகப் போகிறவரைத்தான் அதிகம் தூக்கிப்போடும். வேகமாக வரும் கனமான வண்டியில் அந்த உதறலை ஸ்பிரிங்கே வாங்கிக்கொள்ளும். அதாவது தண்டனை யாருக்கோ, தப்பு செய்தவர் வேறு யாரோ. கர்ப்பிணியோடு வரும் ஆட்டோக்காரர் நின்று நிதானமாக ஏற்றி இறக்குவார். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பைக்கில் வரும் பையன் வரம்பு முடியும் ஓரத்தில், வாறுகாலுக்கும் சிமெண்டுக்கும் நடுவிலுள்ள ஒரு சாண் இடைவெளியில் நுழைந்து போய்விடுவான். அந்த ஒரு சாணில்தான் நடப்பவர் ஒதுங்கி நின்றிருப்பார்.

டவுன் சந்துகளில் ஓடுவது பெரும்பாலும் இருசக்கர வண்டிகள். வெளிநாட்டு முறைகள் பலவும் காரை மனதில் வைத்து உருவானவை. தெருவை வளைத்து வளைத்து விட்டால் கார் மெதுவாகும், பைக் வளைவுகளுக்கு நடுவில் நேர்க்கோடு கண்டுபிடிக்கும். பாதையைக் குறுக்கினால் கார் தயங்கும், பைக் தயங்காது. ஆகவே இங்கே மேடு என்றால் சுவருக்குச் சுவர் முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும், மெல்லிய சரிவோடு இருக்க வேண்டும், இரவில் தெரியும்படி பெயிண்ட் அடித்திருக்க வேண்டும். அரைகுறையாகப் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம். வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் உயிரோ உறுப்போ போனால், சாலைக்குப் பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 198அ பிரிவே சேர்த்திருக்கிறார்கள்.

தேருக்கு வருவோம். ரத வீதியின் நடுப்பாதையில் மேடு கிடையாது, திட்டு கிடையாது. ஆனால் ரத வீதிக்குள் வந்து சேரும் ஒவ்வொரு சந்தின் வாயிலும் தேர்ச் சக்கரம் ஏறப்போவதில்லை. அங்கே, சந்து ரத வீதியைத் தொடும் இடத்தில், முழு அகலத்துக்கும் 10 சென்டிமீட்டர் உயர்த்தி மட்டமான மேடை போடலாம். ரத வீதி ஓரமாக நடந்து போகிறவர் சந்தைக் கடக்கும்போது இறங்க வேண்டாம், அதே மட்டத்தில் போகலாம். சந்துக்குள் நுழையும் வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். யாருக்கு முன்னுரிமை என்பதைத் தரையே சொல்லிவிடும். முக்கை மறுபடியும் கூர்மையாக்கிவிட்டால், திரும்பும்போதே வேகம் பாதியாகும். பெரும்பாலான உரசல்கள் நடப்பதும் இந்த முக்குகளில்தானே.

இதில் ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு, தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையும் தாமிரபரணி வெள்ளமும் ரயில் நிலையத்தைச் சுற்றிய ஜங்ஷன் பகுதியை என்ன செய்தன என்பதை இந்த ஊர் மறக்காது. சந்தின் வாயை உயர்த்திவிட்டு வாறுகாலுக்கு வழி விடாவிட்டால், மேடை ஒரு அணையாகிவிடும். உள்ளே இருக்கும் வீடுகள் ஏற்கெனவே தார் மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன. மேடைக்கு அடியில் வாறுகால் முழு அகலத்தில் ஓடவேண்டும், மேலே அள்ளித் தூர்வாரத் தோதாக மூடி வேண்டும். இந்த ஒரு விவரத்தை விட்டுவிட்டால் முதல் ஐப்பசி மழையிலேயே தெருக்காரர்கள் கடப்பாரையோடு வந்து மேடையை உடைத்துவிடுவார்கள். அவர்கள் செய்வதில் தப்பும் இருக்காது.

ரத வீதியின் நடுவிலோ, கழற்றக்கூடியது மட்டும்தான். தரைக்குள் இரும்புக் குழாய் பதித்து, அதில் செருகி எடுக்கிற தூண்கள். கொடியேற்றத்துக்கு முன் உருவிவிட்டுக் குழாயின் வாயைத் தரைமட்டமாக மூடினால் சக்கரம் அதன்மேல் போய்விடும். தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் இதே வழி. சாவி யாரிடம் இருக்கும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யாவிட்டால் திட்டம் முதல் வாரத்திலேயே படுத்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பூட்டைவிடச் சாவிக்குத்தான் பஞ்சாயத்து அதிகம்.

ரத வீதியில் இன்னொரு கருவி ஏற்கெனவே இருக்கிறது. அதை நாம் தொல்லை என்று சொல்கிறோம். சாயங்காலம் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை திறக்கும்போது நிற்கும் அல்வாக் கூட்டம், பூக்கட்டுபவர்கள், தரையில் கூடையோடு உட்காரும் காய்கறிக்காரர்கள். இவர்கள் இருக்கும் இடத்தில் யாரும் நாற்பதில் போவதில்லை. ஆக்கிரமிப்பு அகற்றம் என்று ஒரு காலையில் எல்லோரையும் கிளப்பிவிட்டால் தெரு அகலமாகும், அகலமான தெருவில் வேகம் கூடும், கொஞ்ச நாளில் அந்த இடமும் பைக் நிறுத்துமிடமாகும். நடப்பவருக்கு ஒரு அடிகூட மிஞ்சாது. 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம், கணக்கெடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்கிறது. அவர்களுக்குக் கோடு போட்டு இடம் கொடுத்து, அந்தக் கோட்டுக்கும் கடை வாசலுக்கும் நடுவில் நடைபாதையைக் காலியாக வைக்கலாம். வியாபாரியே தடுப்பாகிவிடுவார். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் கேட்கும் 1.8 மீட்டர் நடைபாதை ரத வீதியில் தாராளமாக அமையும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒழுங்கான நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லியும் விட்டது.

சந்துகளில் அந்த 1.8 மீட்டரைத் தேடக்கூடாது. பத்துப் பன்னிரண்டு அடிச் சந்தில் இரண்டு பக்கமும் நடைபாதை போட்டால் நடுவில் சைக்கிள்கூடப் போகாது. அங்கே முழுத் தெருவும் நடப்பவருடையது, வண்டி விருந்தாளி என்ற முறைதான் சரி. 1960-களின் கடைசியில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் குடியிருப்புத் தெருக்களை இப்படி மாற்றத் தொடங்கினார்கள். 1976-இல் அதற்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது. அந்தத் தெருவில் வண்டி நடைவேகத்தில்தான் போக வேண்டும், குழந்தைகள் நடுத்தெருவில் விளையாடலாம். அவர்கள் புதிதாகச் சட்டம் போட்டுக் கொண்டுவந்ததில் முக்கால்வாசி டவுன் சந்துகளில் எழுதாத வழக்கமாக இருந்ததுதான். கோலத்தின்மேல் சைக்கிளை ஏற்றினால் கேட்க ஆள் இருந்த காலம் அது.

ஆனால் சந்துக்கு உள்ளே எதைச் செய்தாலும், குறுக்கு வழியாகப் போகிறவர்களை நிறுத்தாவிட்டால் பயனில்லை. கீழ ரத வீதியில் நெரிசல் என்றால் செல்போன் மேப் சந்துக்குள் திருப்பிவிடுகிறது. அந்தத் தெருவில் வேலையே இல்லாத வண்டி, ஓரிரு நிமிடம் மிச்சம் பிடிக்க, ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. நம் ஊரில் ஹாரனுக்கு ‘நான் மெதுவாகப் போகமாட்டேன், நீதான் ஒதுங்கணும்’ என்று அர்த்தம். “அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று வாயால் சொல்பவர் குறைந்துவிட்டார். சந்தின் நடுவில் ஒரே இடத்தில் தூண் நட்டால் போதும். இரண்டு பக்கத்திலிருந்தும் எல்லா வீட்டுக்கும் வண்டி போகும், கேஸ் சிலிண்டர் வரும், குட்டியானை வரும், ஊடுருவிப் போக மட்டும் முடியாது. பைக் நுழைந்துவிடும்தான். பைக்கையும் தடுக்கும் அளவுக்கு நெருக்கமாக நட்டால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போக முடியாமல் போகும். அந்த விலையைக் கொடுக்கக் கூடாது என்பேன். காரும் லோடு ஆட்டோவும் நின்றாலே சந்தின் குணம் பாதி திரும்பிவிடும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டையில் பிரச்சினை வேறு மாதிரி. கோட்டைச் சுவர் பெரும்பாலும் போய்விட்டது, உள்ளே இருந்த தெருக்களின் அளவு அப்படியே இருக்கிறது. அந்தத் தெருக்களைச் சுற்றிப் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கே நாள் முழுக்க ஆபத்து இல்லை. காலையில் முக்கால் மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம். வேன், ஆட்டோ, அப்பா பைக், அம்மா ஸ்கூட்டர் எல்லாம் ஒரே வாசலுக்கு வருகின்றன. தன் பிள்ளையைப் பத்திரமாக வாசலிலேயே இறக்கிவிட வேண்டும் என்று ஒவ்வொருவரும் நினைப்பதால், நடந்து வரும் பிள்ளைக்கு வாசலை அடைய வழியில்லை. இதற்குக் கான்கிரீட் எதுவும் தேவையில்லை. அந்த நேரத்துக்கு மட்டும் பள்ளித் தெருவை இரண்டு முனையிலும் பேரிகார்டு வைத்து மூடலாம். இருநூறு மீட்டர் தள்ளி இறக்கிவிட்டால் பிள்ளைகள் சேர்ந்து நடந்து வருவார்கள். இத்தாலியின் பொல்சானோ நகரில் 1980-களின் கடைசியிலிருந்து இப்படிச் செய்கிறார்கள். நமக்கும் நேரம் பார்த்துத் தெருவை மூடுவது புதிதில்லை. பள்ளிக்கூட நேரத்தில் லாரிகள் நகருக்குள் வரக்கூடாது என்ற தடை எத்தனையோ ஊர்களில் உண்டு. தசரா சமயத்தில் பாளையங்கோட்டைத் தெருக்களில் அம்மன் சப்பரங்கள் வரும்போது வண்டிகள் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டிகளே கிடையாது, ஊர் நின்றுபோகவில்லை.

சித்திரை வீதி மாதிரி நெல்லையப்பர் ரத வீதிகளையும் முழுசாக மூடிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டவுனின் ரத வீதி கோயில் வீதி மட்டுமல்ல, பேட்டைக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில் இருப்பவர்களின் கடைவீதி. முழுசாக மூடினால் அந்தப் போக்குவரத்து மாட வீதிகளுக்கும் சந்துகளுக்கும்தான் வழியும். குடியிருப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பஸ் வரட்டும், மெதுவாக வரட்டும்.

இதையெல்லாம் யார் செய்வது என்பது நிஜமான முடிச்சு. தெரு மாநகராட்சியுடையது, சில சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை, ஒருவழிப்பாதை போக்குவரத்துப் போலீஸின் முடிவு, மின்கம்பம் மின்வாரியத்துடையது, தேர் அறநிலையத் துறையுடையது. ஒரு தூண் நட ஐந்து கையெழுத்து. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவில் ஒரு வசதி இருக்கிறது. பொதுமக்கள் பாதுகாப்புக்காகக் குறிப்பிட்ட தெருவில் வண்டிகளைத் தடைசெய்யவோ கட்டுப்படுத்தவோ அது அதிகாரம் தருகிறது. வழக்கமாக அரசிதழில் அறிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடை என்றால் அரசிதழ் தேவையில்லை, உள்ளூரில் போதிய விளம்பரம் செய்தால் போதும். ஒரு மாதச் சோதனைக்கு இதைவிடத் தோதான பிரிவு கிடையாது. மணல் மூட்டை, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்பு, சுண்ணாம்புக் கோடு, இவ்வளவுதான் செலவு. சரிப்படாவிட்டால் ஒரே காலையில் அள்ளிக்கொண்டு போய்விடலாம்.

எந்த மாதம் என்பதை மட்டும் யோசித்து வைக்க வேண்டும். ஆனி கிடையாது, தீபாவளி வியாபாரம் நடக்கும் ஐப்பசி கிடையாது. பள்ளிக்கூடம் திறந்திருக்கும் சாதாரண மாதமாக, ஆவணி போல ஒன்றாக இருக்கட்டும். அதற்கு முன் ஒரு வாரம், சோதனை மாதத்தில் ஒரு வாரம், அதே முக்கு, அதே கிழமை, அதே மணி. எத்தனை வண்டி சந்துக்குள் நுழைந்தது, அதில் எத்தனை நிற்காமல் மறுமுனை வழியாக வெளியே போனது, எத்தனை பேர் நடந்து போனார்கள், அதில் அறுபது தாண்டியவர்களும் குழந்தைகளும் எத்தனை பேர். தரையில் சுண்ணாம்பால் 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு செல்போனில் வீடியோ எடுத்தால் வேகமும் தெரிந்துவிடும். 2.4 விநாடிக்கும் குறைவாகத் தாண்டிய வண்டி 30-க்கு மேல் போயிருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் போதும் இதற்கு. கடைக்காரர்கள் வியாபாரம் படுத்துவிடும் என்று நிச்சயம் சொல்வார்கள். அவர்களுடைய அந்த மாதக் கல்லாக் கணக்கையும் போன வருஷம் அதே மாதக் கணக்கையும் அவர்களே கொண்டுவரட்டும். இரண்டையும் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.